தரையில் விழுந்த வெள்ளைத் துகள்

அன்று கோயிலில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்குத்தந்தை. நான். கழுத்தில் அப்போதுதான் தாலி ஏறிய மேரி. பேராவூரணியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த அவள் சனம். அதற்குத் தலைமை, என் மாமனார். எங்கள் ஊர்க்காரர்கள். என்னோடு அறுவடை மெஷின் ஓட்டும் முருகேசன் (மாதா கோயிலுக்குள் அன்றுதான் முதல் தடவை வருகிறான்). ஒரு வீடியோக்காரர். கடவுளும் இருந்தார். சரியாக எந்த இடத்தில் இருந்தார் என்பதில்தான் தகராறு.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். என் பயம் மட்டும் மேற்படிப்புக்குப் போனது. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்தால், ஏதாவது ஒரு பாவத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோமோ என்று திரும்ப வரிசையில் நிற்பேன். கல்யாணத்துக்கு முந்தின நாளும் அப்படிப் போய்ப் போய் மண்டியிட்டதில் பங்குத்தந்தை கேட்டேவிட்டார்: "இதுக்கு நடுவுல எப்பப்பா போயி புதுசா பாவம் பண்ணுன?" (பாவம் இல்லை ஃபாதர், சந்தேகம்.)

கல்யாணப் பூசையில் நன்மை வாங்கும் நேரம், அதாவது பங்குத்தந்தை உள்ளங்கையில் அப்பம் வைக்கும் நேரம், வந்தது. அந்தச் சின்ன அப்பத்தில், அதன் பொடியில்கூட, ஆண்டவர் முழுசாக இருக்கிறார் என்பது எங்கள் விசுவாசம். எல்லாரும் அதை நம்பிவிட்டு, நிம்மதியாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். நான் உள்ளங்கையை ரேகை பார்ப்பதுபோல் பார்ப்பேன். அன்று கை சுத்தமாக இருந்தது. கண்தான் கீழே போனது. சிவப்புக் கம்பளத்தில், மேரியின் பட்டுச்சேலை ஓரமாக, ஒரு வெள்ளைத் துகள். அவள் லேசாக அசைய, அது காணாமல் போனது.

"யாரும் அசையாதீங்க! ஆண்டவர் கீழ விழுந்துட்டாரு!"

கத்தியது நான்தான் என்பது, குரல் மைக்கில் திரும்பி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பாட்டு பாதியில் நின்றது. நடந்து வந்துகொண்டிருந்த முருகேசன் தூக்கிய காலைக் கீழே விடாமல் கொக்குபோல நின்றான்.

"டேய், காலக் கீழ வையிடா" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஒங்க சாமி மேல பட்டுட்டா?"

மாமனாரைப் பார்த்தேன். பெண்ணை அதே வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடலாமா என்று யோசிக்கும் முகம். எனக்கோ, ஆண்டவரை மிதித்துவிட்டேனோ என்ற பயம் ஒரு பக்கம். 'பைத்தியத்துக்கிட்ட மாட்டிக்கிட்டோமே' என்று இந்தப் பெண் அழப்போகிறாளோ என்ற பயம் மறுபக்கம்.

மேரி அழவில்லை. அவ்வளவு கனமான சேலையோடு மண்டியிட்டு, கம்பளத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். வீடியோக்காரர் யாரும் சொல்லாமலே விளக்கைக் கீழே இறக்கிப் பிடித்தார். கிடைத்தது. விரல் நுனியில் அதை ஏந்திக்கொண்டு அவள் எழுந்த பதனத்தை, திருவிழாவில் மாதா சுரூபம் தூக்குகிறவர்களிடமும் நான் கண்டதில்லை.

பங்குத்தந்தை குனிந்து பார்த்தார். "தெர்மாகோல், தம்பி."

பீடத்துக்குப் பின்னால் எங்கள் பெயர்களைத் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்து உதிர்ந்திருக்கிறது.

"நிச்சயமா தெரியுமா ஃபாதர்?"

"மாப்ள!" என்றார் மாமனார்.

பங்குத்தந்தை கோபப்படவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "அப்பம்னா ஊறிக் கரைஞ்சிரும். போடும்மா."

போட்டாள். இரண்டு ஊர்ச் சனமும் எட்டிப் பார்த்தது. அவர் விரலால் அமுக்கினார், மேலே வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி வந்தது.

மேரி நிமிர்ந்து, அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மிதக்குதுங்க."

முருகேசன் காலைக் கீழே வைத்தான்.

பயம் என்னை விட்டுப் போய்விடவில்லை. போன வாரம்கூட, தஞ்சாவூர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டேன்: "கேஸ் சிலிண்டரை மூடினோமா? நேத்து செஞ்ச பாவசங்கீர்த்தனம் செல்லுமா?"

பின்னால் நின்ற என் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். மேரி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"மிதக்குதுங்க. ஏறுங்க."