ஊருக்குப் போன வீடு

முன்வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு, சந்து வழியாகச் சுற்றிவந்து, பின்பக்கச் சுவரேறித் தன் சொந்த வீட்டுக்குள் குதித்தான் வெற்றிச்செல்வன். முழங்கால் சிராய்த்தது.

“மெதுவா,” என்றாள் அவன் மனைவி பூர்ணிமா. “ஊருல இல்லாதவங்க இப்படியா சத்தம் போடுவாங்க?”

ரெட்டியார்பாளையத்தில் அந்தத் தெருவுக்குத் தெரியக்கூடாத விஷயம் ஒன்று இருந்தது. நாடு முழுக்க வியாபாரம் படுத்துக் கிடந்தது. வெற்றிச்செல்வன் வேலை பார்த்த கார் ஷோரூமில் இரண்டு மாதமாக ஒரு வண்டிகூட விற்கவில்லை. போன வாரம் எல்லோருக்கும் சம்பளமில்லாத விடுப்பு. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் நிறுத்தவேண்டிய செலவு, வீட்டு வேலைக்கு வரும் கொளஞ்சி. எட்டு வருஷமாக வருகிறவள். ‘நாளையிலிருந்து வராதே’ என்று சொல்ல இருவருக்குமே வாய் வரவில்லை. சொன்னால், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம் வேறு.

“ராத்திரி பஸ்ஸுல திருப்பதிக்குப் போறோம். வர பத்து நாளாகும்,” என்று நேற்று அவளிடம் சொல்லிவிட்டான்.

“சாவியக் குடுத்துட்டுப் போங்க சார். தெனம் கூட்டி வெச்சிர்றேன்.”

“புதுப் பூட்டு. ஒரே சாவிதான்.”

அதனால் புதுப் பூட்டு வாங்க வேண்டியதாயிற்று. பூட்டியதால் சுவரேற வேண்டியதாயிற்று.

“நல்லவேளை, பாக்க ஆளில்ல,” என்றான். “எதிர்வீட்டு ராஜாம்பாள் அம்மா காசிக்குப் போயிருக்காங்க. பக்கத்து வீட்டு கோபிநாத் ஊட்டிக்கு.”

“நாடே கெடக்குற கெடையில டூர் கேக்குது பாரு இவங்களுக்கு,” என்று பொருமினாள் பூர்ணிமா.

எட்டரை மணிக்கு வாசலில் துடைப்பச் சத்தம். ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தான். கொளஞ்சி கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுப் போவாள் என்று பார்த்தால், வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள்.

அடுத்த நொடி, டிவி பக்கத்திலிருந்த பூர்ணிமாவின் போன் வீடே அதிரும்படி அலறியது.

அதை முந்தானையில் சுருட்டிக்கொண்டு பூர்ணிமா குளியலறைக்குள் ஓடினாள்.

“அக்கா, போய்ச் சேந்துட்டீங்களா?”

“ம். கியூவுல நிக்கிறோம்.”

“கியூவுக்குள்ள போன் உடமாட்டாங்களே?”

“இது… லட்டு கியூ.”

“அப்ப எனக்கு ரெண்டு லட்டு. ஏங்க்கா, தண்ணி சொட்டுற சத்தம் கேக்குது?”

“இங்க மழை.”

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“திருப்பதி லட்டுக்கு எங்கடி போவ?” என்று வெற்றிச்செல்வன் பல்லைக் கடித்தபோது, சமையலறையில் குக்கர் நீளமாக ஒரு விசிலடித்தது.

மறுபடி போன்.

“அக்கா, உங்க வீட்டுக்குள்ள குக்கர் கத்துது. திருடன் பூந்து சோறாக்குறான் போல. போலீசுக்குச் சொல்லட்டா?”

“வேணாம், வேணாம். சார் வந்துக்கிட்டே இருக்காரு,” என்று உளறினாள் பூர்ணிமா.

“திருப்பதிலேர்ந்தா?”

வேறு வழியில்லை. வெற்றிச்செல்வன் கைலியை உதறிப் பேண்ட்டை மாட்டி, ஒரு காலிப் பையைத் தோளில் போட்டு, சுவரேறிக் குதித்து, சந்து வழியாகச் சுற்றி, மூச்சிரைக்க முன்வாசலில் போய் நின்றான். இன்னொரு முழங்காலும் சிராய்த்திருந்தது.

“இப்பதான் பஸ்ஸ விட்டு இறங்குறேன், கொளஞ்சி.”

அவள் எழுந்து மரியாதையாகப் பையை வாங்கிக்கொண்டாள். “காத்தாட்டம் இருக்கு. லட்டு எங்க சார்?”

“அக்கா கொண்டு வருவா. அவ வர ரெண்டு நாளாகும்.”

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினான். எதிரே, கையில் கரண்டியோடு அக்கா நின்றிருந்தாள்.

குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

“எனக்குச் சம்பளம் இல்ல, கொளஞ்சி,” என்றான் வெற்றிச்செல்வன், தரையைப் பார்த்து. “உன்ன நிறுத்தணும். சொல்ல வாய் வரல.”

கத்துவாள், தெரு கூடும் என்று காத்திருந்தான். அவளோ கோலமாவு டப்பாவை நிதானமாக மூடினாள்.

“தெரியும் சார்.”

“எப்படி?”

“கரண்டு மீட்டர்ல லைட்டு மினுக்குது. உள்ள ஃபேன் ஓடுது.”

“தெரிஞ்சுமா இங்க வந்து உக்காந்திருக்க?” என்றாள் பூர்ணிமா.

“எங்க வீட்டுக்காரரு வேலையில்லாம ஒரு மாசமா சும்மா இருக்காருக்கா. எனக்கும் இல்லன்னு தெரிஞ்சா தாங்கமாட்டாரு. அதான் வேலைக்குப் போறேன்னு கெளம்பி வந்துர்றேன். உங்க படியிலதான் வெயில் இல்ல.”

“எங்க வீடு ஒண்ணுதானே போச்சு? மத்த வீடுங்க இருக்கே?” என்றான் வெற்றிச்செல்வன்.

அப்போது எதிர்ப்புறம், பெரிய பூட்டுத் தொங்கிய ராஜாம்பாள் அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஒரு விசில் வந்தது.

அவன் விருட்டென்று திரும்பினான். கொளஞ்சி திரும்பவே இல்லை.

“இந்தத் தெருவுல நான் வேலை செய்யுற அஞ்சு வீடும் ஊருக்குத்தான் போயிருக்கு சார். காசியில இப்பதான் சோறு வேவுது.”