ஏழாம் விதியில் ஒரு நாற்றம்

திருநீர்மலை,
வியாழக்கிழமை.

அன்பு மைத்துனன் துரைக்கு, உன் அக்காள் கணவன் சம்பந்தம் எழுதுவது. உன் அக்காளின் முழங்காலைத் தவிர இங்கே அனைத்தும் நலம். படப்பையில் நீங்கள் எல்லாரும் முழங்கால் உட்பட நலமாயிருக்க வேண்டுகிறேன்.

வரும் ஞாயிறு நீ தாராளமாகக் கருவாட்டோடு வரலாம். அதைச் சொல்லும் உரிமையை நான் போராடிப் பெற்றிருக்கிறேன். போன மாதம் உன் அக்காள் வைத்த கருவாட்டுக் குழம்பின் மறுநாளே, எதிர்வீட்டு சிவகுமார், எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், புதிய விதிகளை எழுதி வாட்ஸ்அப்பில் போட்டார். ஏழாம் விதி, ‘நாற்றம் பரப்பும் உணவுகளைச் சமைத்தல் கூடாது’ என்றது. கருவாடு என்ற சொல் அதில் இல்லை, ஆனால் படித்த எல்லாரும் எங்கள் கதவைப் பார்த்தார்கள். நாங்கள் கொடுத்த நிலத்தில் எழும்பிய கட்டடத்தில் எங்கள் அடுப்புக்கே பூட்டா, விவாதிக்காமல் சட்டம் செல்லாது என்றேன். பெரும்பாலானவர்கள் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள் என்றார் அவர். நாட்டின் அரசியலமைப்பையே வருடக்கணக்கில் உட்கார்ந்து வரிவரியாகப் பேசித்தான் எழுதினார்கள், கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஒருவரும் தூங்கப் போகவில்லை என்று பதில் எழுதினேன். அதற்கும் நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் சபை கூடியது. தனக்கென்று ஒரு பண்பாடு உள்ளவர்களுக்கு அதைக் காத்துக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் இருபத்தொன்பதாம் உறுப்பு தருகிறது என்று ஆரம்பித்தேன். நான் பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்புதான், சட்டம் படித்தது சொந்த முயற்சியில். “சார், அதுல கருவாடு எங்க இருக்கு?” என்றார் சிவகுமார். சரி, நாற்றம் என்றால் என்ன என்று கேட்டேன். அது எல்லாருக்கும் தெரியும் என்றார். தெரியாது, பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம், ஆகவே உங்கள் விதிப்படி உங்கள் வீட்டுப் பெருங்காய ரசமும், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும், கீழ்வீட்டு நசீருதீன் பாய் பிரியாணியும் குற்றம் என்றேன். யாரோ போனில் அகராதியைத் திறந்து, சார் சொல்றது சரிதாங்க என்று அறிவித்தார்கள். சிவகுமார் விடவில்லை. எது நறுமணம், எது கெட்ட வாடை என்று தீர்மானிக்க ஒரு குழு போடலாம் என்றார். உடனே நசீருதீன் பாய் எழுந்து, “என்னையே தலைவராப் போடுங்க. கொரோனாவுக்கு அப்புறம் எனக்கு மூக்கு வேலை செய்யல. நடுநிலைமையா இருப்பேன்” என்றார். சபை சிரித்து அடங்கவே நேரமாயிற்று.

அப்போதுதான் உன் அக்காள் எழுந்து சிவகுமாரிடம் கேட்டாள். “தம்பி, கருவாடுன்னு பேர் சொல்லி எழுத உனக்கே கூச்சமா கீதுல்ல? அப்ப தடை போடவும் கூசணும்.” சிவகுமாருக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல பிள்ளைதான், அவரே ஏழாம் விதியை அடித்தார். புதிய விதியை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: ‘எந்த வீட்டிலிருந்து எந்த உணவின் மணம் வந்தாலும் அது அந்த வீட்டாரின் பண்பாடு. அதைக் குறித்து எவரும் எக்காலத்தும் முறையிடலாகாது.’ ‘எக்காலத்தும்’ என்பது நான் வற்புறுத்திச் சேர்த்தது. இந்த விதியைத் திருத்தவே முடியாது என்றும் ஒரு வரி போட வைத்தேன். எல்லாரும் நிஜக் கையைத் தூக்கினார்கள்.

ஆகவே வஞ்சிரமோ நெத்திலியோ, கூச்சப்படாமல் வாங்கி வா. நீரும் சோறும் குறையாமல் நீயும் உன் குடும்பமும் நிறைந்து வாழ்க.

இப்படிக்கு,
சம்பந்தம்

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டுவதற்குள் சிவகுமாரின் மாமியார் பண்ருட்டியிலிருந்து பலாப்பழங்களோடு வந்து இறங்கிவிட்டார். எல்லாம் எங்கள் இரு வாசலுக்கும் நடுவில் சாக்குக்குள் பழுத்துக்கொண்டிருக்கின்றன. பலாப்பழ வாடை எனக்குப் பிறவியிலேயே ஆகாது என்பது உனக்குத் தெரியும். போய்க் கதவைத் தட்டினேன். சிவகுமார் கைகூப்பி, நான் சொல்லி அவர் எழுதிய விதியை மரியாதையாக ஒருமுறை வாசித்துக் காட்டி, சுளையும் ஒரு தட்டு கொடுத்தார். நாற்றம் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. நீ வர வேண்டாம். ஞாயிறு நாங்களே படப்பைக்கு வருகிறோம், குழம்பை அங்கேயே வை.