பச்சை இங்க் போட்ட கேக் டப்பா

பச்சை இங்க்கைப் போல இன்னொரு மனிதர் இந்தப் பூமியில் இருக்கவே முடியாது. இருந்திருந்தால், பேக்கரி என்று ஒரு தொழிலை உலகத்தில் ஒருவரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் அவருடைய நிஜப் பெயர் போஸ்ட்மேனுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் பச்சை இங்க். விழுப்புரத்தில் ஏதோ ஓர் அரசாங்க ஆபீசில் கெஜட்டட் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உத்தியோகத்தோடு போய்விட்டது. பேனா மட்டும் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. யாராவது மார்க் ஷீட் ஜெராக்ஸை நீட்டி அட்டெஸ்டேஷன் கேட்டால், "நான் ரிட்டயர்டு தம்பி. போட்டா தப்பு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் பேனாவுக்கு ஏதாவது வேலை வேண்டுமே! ஆகவே கம்பெனிக்காரர்கள் இஷ்டத்துக்கு எழுதி வைத்திருக்கும் இங்கிலீஷைத் திருத்த ஆரம்பித்தார்.

கொசுவத்தி டப்பாவில் 'நைட்' என்று இருக்கும். நடுவில் இருக்க வேண்டிய 'ஜி'யும் 'ஹெச்'சும் இருக்காது. இவர் அவற்றைப் பச்சையில் உள்ளே சொருகிவிட்டுத்தான் கொசுவத்தியையே கொளுத்துவார். 'லைட்' என்று போட்ட பிஸ்கட் பாக்கெட்டைத் திருத்தாமல் பிரிக்க மாட்டார். "உள்ள போறது சரியா போகணும்" என்பார். நாலு பிஸ்கட் சாப்பிடுவதற்கு இவ்வளவு ஆயத்தமா என்று நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவருடைய வீட்டுக்கு நேர் எதிரே கடை திறந்தது என் தலையெழுத்து. சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்று சொன்ன பிறகும் திறந்த பேக்கரி அது. ஓடவில்லை என்றால் மாமனார் கொல்லையில் போய் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய வேண்டியதுதான். அதை மாமனாரே என்னிடம் நேரில் சொல்லியிருந்தார்.

கடைக்குப் பெயர் 'குவிக் பைட்ஸ்'. வைத்தது என் மச்சான். விழுப்புரத்தில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறவன். இங்கிலீஷில் 'குவிக்' என்பதை 'கே'யில் ஆரம்பித்து 'கே'யிலேயே முடித்திருந்தான். நடுவில் ஒரு 'டபிள்யூ'. 'பைட்ஸ்' என்பதில் 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒய்', கடைசியில் 'இசட்'.

"இன்னாடா இது, ஒரு எழுத்தாவது ஒழுங்கா இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஒழுங்கா எழுதுனா கெவர்மெண்ட் கேண்டீன் மாதிரி இருக்கும் மாமா. சரியான ஸ்பெல்லிங்க எவன் வேணா வெச்சிக்கலாம். தப்பான ஸ்பெல்லிங்குதான் நம்ம ஒர்த்தருக்கே சொந்தம். அதான் பிராண்டு!" என்றான்.

திறப்பு விழா அன்று மாமனார் ரிப்பனில் கத்திரிக்கோலை வைக்கிற நேரம், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு நிமிஷம்."

எல்லாரும் திரும்பினார்கள். பச்சை இங்க் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கடிக்கிற பைட்டுக்கு 'ஐ' போடணும். 'ஒய்' போட்டா அது கம்ப்யூட்டர் மெமரி. உங்க பப்ஸுல எவ்வளவு மெமரி இருக்கு?"

கூட்டம் சிரித்தது. என் மாமியார் கவலையோடு, "இன்னாவாம் அவருக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற யாரோ, "பப்ஸுல ஏதோ கொறையாம்மா" என்றார்கள். முதல் நாளே என் பப்ஸுக்குக் கெட்ட பெயர் வந்தது இப்படித்தான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. ஒரு வெஜ் பப்ஸ், சர்க்கரை இல்லாத ஒரு டீ, அதோடு எனக்கு ஓர் இலவசப் பாடம். பிறந்த நாள் கேக் வாங்க வருகிறவர்களை நிறுத்தி, "போர்டுல என்ன தப்புன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பார். கேக் வாங்க வந்தவர்கள் பரீட்சைக்குப் பயந்து நழுவுவார்கள்.

ஒரு தடவை புத்திகெட்டுப் போய் அவரோடு விழுப்புரத்துக்குக் கிளம்பினேன். ஒரு பிரைவேட் பஸ்ஸின் நெற்றியில் 'எக்ஸ்பிரஸ்' என்பதை நேரடியாக 'எக்ஸ்' எழுத்திலேயே ஆரம்பித்து எழுதியிருந்தார்கள். இவர் ஏறாமல் கீழேயே நின்றார்.

"இதுல 'இ' எங்கப்பா?"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா சார் பேஜாரு பண்றீங்க? பஸ்ஸு போவணுமா, ஸ்பெல்லிங்கு போவணுமா? ஏறுங்க ஜல்தி!"

"முதல் எழுத்தையே விட்டுட்டுப் போற வண்டி ஊருக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். விக்கிரவாண்டி தாண்டியதும் பின் டயர் வெடித்தது. வெயிலில் எல்லாரும் இறங்கி நின்றோம். அவர் என்னைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், பேனாவின் மூடியைத் திறந்து மெதுவாக மூடினார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேக் டப்பாவில் கை வைத்தாரே, அதுதான் தாங்கவில்லை. மடித்து வைத்த அட்டை டப்பாக்களை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தார். தப்பான எழுத்துகள் மேல் ஒரு கோடு, அதற்கு மேலே சரியான எழுத்துகள். அதோடு விட்டாரா? ஆபீஸ் ஃபைலில் அடித்துத் திருத்தினால் பக்கத்திலேயே அதிகாரி சுருக்கொப்பம் போட வேண்டும், இல்லாவிட்டால் திருத்தம் செல்லாது. ஆகையால் ஒவ்வொரு டப்பாவிலும் பச்சையில் ஒரு சுருக்கொப்பம்.

"சார், நான் பேக்கரி வெச்சிருக்கேன், பள்ளிக்கூடம் நடத்தல!" என்று ஒருநாள் கத்தினேன்.

"பள்ளிக்கூடமா இருந்தா நான் ஏன் திருத்தறேன்? அங்க வாத்தியாரே இருக்காரே" என்றார் நிதானமாக.

பேனாவைப் பிடுங்கிக் கல்லாவில் போட்டேன். மற்றொரு பையிலிருந்து இன்னொரு பச்சைப் பேனா வந்தது. என் மனைவி மஞ்சுளாவோ அவர் பக்கம். "வுடுங்க, பாவம். பொண்ணு எங்கியோ வெளிநாட்டுல இருக்குது. வூட்ல பேச்சுத் தொணைக்கு யாரு இருக்குறா அவருக்கு?" என்பாள். பேச்சுத் துணைக்கு என் டப்பாதானா கிடைத்தது?

இப்படி இருக்கையில், பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு பேக்கரி திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பலூன் வளைவு. பெயரைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்தது. தமிழில் பெரிதாகக் 'குவிக் பைட்ஸ்'. கீழே இங்கிலீஷில் அதே பெயர், சுத்தமான ஸ்பெல்லிங்கில். மச்சானுடைய பிராண்டு தத்துவம் தமிழ் எழுத்துக்குச் செல்லாது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

பச்சை இங்க் அதைப் போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர வந்தார். "பிரமாதம் தம்பி! ஒரு தப்பு இல்ல!"

எனக்கு வந்ததே கோபம். "அப்ப அங்கியே போய்க் குந்துங்க சார்!" என்றேன்.

மறுநாள் அங்கேயே போய் உட்கார்ந்தார். அடுத்த நாள் சாயங்காலம் பழையபடி ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"இன்னா சார், அங்க பப்ஸு நல்லால்லியா?"

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டப்பாக்கட்டைப் பிரித்தார்.

அந்த மாதம் வியாபாரம் படுத்துவிட்டது. எங்கள் கடை என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் அங்கே போனார்கள். அங்கே கேக் சரியில்லை என்றால் என்னிடம் வந்து சண்டை பிடித்தார்கள். மாமனார் போன் செய்து, "மாப்ள, இந்த வருஷம் மல்லாட்டை ஆய ஆளே கெடைக்கல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்போதுதான் பனமலையிலிருந்து அந்த விவசாயி வந்தார். பேத்திக்குக் காதுகுத்து. விருந்தாளிகளுக்குக் கொடுக்க கேக், மிக்சர், லட்டு வைத்த டப்பாக்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார், எங்கள் கடை என்று நினைத்து அந்தக் கடையில். டப்பாக்கள் விசேஷத்துக்கு முதல் நாள் காலையிலேயே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பார்த்த பெண்கள் ஒரே குரலில் டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டார்களாம். மனிதர் அத்தனையையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து அந்தக் கடையில் இறக்கிவிட்டு, நேராக எங்களிடம் வந்தார்.

"அங்க பேரு அதேதான் போட்டிருக்கான். ஆனா பச்சக் கையெழுத்து இல்லியே! எங்க ஊட்ல பொம்பளைங்க தெளிவா சொல்ட்டாங்க. ஆபீசரு பாத்து, நல்லாருக்குதுன்னு கையெழுத்து போட்ட கேக்குதான் வோணும்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றுப்பட்டு ஊர்களில் என் கேக்கை அரசாங்க அதிகாரி ஒருவர் டப்பா டப்பாவாகச் சோதித்து அட்டெஸ்ட் செய்கிறார் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்! பச்சைக் கையெழுத்து இல்லாத ஜெராக்ஸ் எந்த ஆபீசிலும் செல்லாது, அப்புறம் கேக் மட்டும் எப்படிச் செல்லும்?

விஷயத்தைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய பச்சை இங்க் துள்ளிக் குதித்தார். "அட்டெஸ்டேஷனா? நான் ரிட்டயர்டு! அதிகாரமே இல்ல! நான் பண்ணினது திருத்தம். கேக்கை நான் பார்க்கவே இல்ல!"

"எத்த பாத்தா இன்னா சார்? கையெழுத்து உங்களுதுதான?" என்றார் விவசாயி.

மறுநாள் காலைக்குள் எல்லா டப்பாவும் தயாராக வேண்டும். "சார், ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சிடலாமே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"திருத்தத்துக்கு ரப்பர் ஸ்டாம்பா? என்ன ஆபீஸ்யா நடத்தற நீ?" என்று சீறிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மஞ்சுளா அடுப்பைப் பார்த்துக்கொண்டாள், நான் மிக்சர் கட்டினேன், அவர் திருத்தினார். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கோடு, ஒரு சுருக்கொப்பம், எனக்கு ஒரு திட்டு. மணிக்கட்டு பிடித்துக்கொண்டதும் மஞ்சுளா வெந்நீரில் துணி நனைத்துக் கொடுத்தாள். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "'இசட்' எதுக்குய்யா? 'இசட்' எதுக்கு?" என்று கேட்டார். நான் அடுத்த டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன்.

காதுகுத்துக்கு வந்தவர்கள் டப்பாவையும் கதையையும் தங்கள் தங்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள். அதன் பிறகு கிளியனூரிலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. "ஆபீசரு இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேக் வாங்கினார்கள். ஒருவர் பஸ் ஸ்டாண்டுக் கடையின் டப்பாவையே கொண்டுவந்து, "இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார்" என்று கெஞ்சினார். பச்சை இங்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தப்பே இல்லையே, நான் என்ன பண்ண?" என்று உண்மையான வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் அந்த இடம் செல்போன் கவர் விற்கும் கடையாக மாறியது.

மல்லாட்டையிலிருந்து என்னைக் காப்பாற்றிய மனிதருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. யோசித்து யோசித்து, அவருக்கு மிகவும் பிடித்ததைச் செய்தேன். போர்டை மாற்றினேன். டப்பாக்களையும் புதிதாக அடித்தேன். 'க்யூ' இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ', 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ', 'இசட்' அடியோடு ஒழிந்தது.

சாயங்காலம் வந்தார். போர்டைப் படித்தார். உள்ளே வந்து டப்பாவை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் படித்தார். பேனாவை எடுத்தார். பிறகு பையிலேயே வைத்துவிட்டார்.

"சரியா இருக்கு" என்றார்.

பாதிப் பப்ஸைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார், ஒரு டப்பாவைப் பார்த்தார், டீயை மட்டும் குடித்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து நாற்காலி காலியாகவே கிடந்தது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஃபிரிட்ஜின் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நல்லது பண்றேன்னு சொல்லிக்கினு, அவர ரெண்டாவது தபா ரிட்டயர் பண்ணிட்டீங்க" என்றாள் மஞ்சுளா.

மச்சானுக்குப் போன் போட்டேன். "பழையபடியே அடிச்சிடுடா. எல்லா எழுத்தும் தப்பா இருக்கணும்."

"இன்னா மாமா, இப்ப எல்லாம் கரெக்டாத்தான இருக்குது?"

"அதான்டா பிரச்சினை."

டப்பாக்கட்டு வந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கசங்கிய சட்டையோடு திறந்தார். பையில் பேனா இல்லை. டப்பாவை நீட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். முகம் சிவந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"யோவ்! திரும்பவும் 'இசட்'டா? எத்தனை தடவைய்யா சொல்றது? நீ திருந்தவே மாட்டியா?"

கத்திக்கொண்டே உள்ளே போய்ப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து 'இசட்' மேல் ஒரு கோடு இழுத்தார்.

"மாட்டேன் சார்," என்றேன். "நீங்க இருக்கிற வரைக்கும் மாட்டேன்."