மில்லுக்கு லீவென்றால் வராத பேய்

ராஜபாளையம்,
ஆடி மாதம், 1993

ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் பணிபுரியும் மரியாதைக்குரிய மச்சான் பொன்னுராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை செல்லக்கனியின் கணவன் சோலைராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலம். உங்கள் தங்கையைப் பேய் பிடித்திருக்கிறது. மற்றபடி குறையொன்றுமில்லை.

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு பிடித்தது. அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இழுக்கிறதாம். மில்லில் நின்று வேலை பார்த்தால் வரும், வீட்டுக்கு வந்து படுத்தால் போய்விடும், மில்லுக்கு லீவு விட்டால் அதுவும் வராது. இப்படி ஒழுங்கான பேயை நான் கேள்விப்பட்டதே இல்லை. இங்குள்ள டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு மனப்பிரமை என்றார். ஆனால் அவள் தொடையில் நீலநீலமாய் வேர் ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன் மச்சான். சாயங்காலம் தடித்திருக்கும், காலையில் வற்றியிருக்கும். பக்கத்தில் படுக்கவே பயமாயிருக்கிறது.

சுந்தரபாண்டியத்துக் கோடாங்கியை அழைத்தோம். உச்சிவெயிலில், ஒரு இலைகூட அசையாத புளியந்தோப்பில், அவளை நிற்கவைத்து உடுக்கு அடித்தார். நிற்க நிற்க முகம் வெளுத்தது. "வந்துட்டா!" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்து படுத்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "போயிட்டா!" என்றார். அம்மா முந்தானையால் அவள் தலையை மூடி, உச்சிமுடியை அறுத்து நீட்ட, அவர் அதை மரத்தில் வைத்து ஆணி அடித்தார்; பயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மத்தியானமானால் சுருண்டு படுத்துவிடும் அம்மா அன்றைக்கு அவ்வளவு நேரம் நின்றதே அதிசயம்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஆணியில் தொங்கிய முடி நரைத்திருந்தது! கருகருவென்ற முடி, ஒரே நாளில்! "கிழட்டுப் பேய்லே, லேசுல எறங்காது. கருஞ்சேவல் கொண்டா" என்கிறார் கோடாங்கி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை சேவலோடு கட்டாயம் வாருங்கள். அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் தேரையும் பார்த்துவிட்டுப் போகலாம். உங்கள் தங்கை மதுரை டாக்டர் என்று நச்சரிக்கிறாள். பேயை யாராவது பஸ் ஏற்றுவார்களா? இதை ஒட்டித் தபாலில் போட அவளிடமே கொடுக்கிறேன். படிக்க மாட்டாள், நல்லவள்.

பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. ஆண்டாள் நம் எல்லோரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
சோலைராஜ்

பி.கு: அண்ணே, செல்லக்கனி எழுதுதேன். சேவல் வேண்டாம். போன வாரம் மில்லு நர்ஸ் கிருபாபாய் அக்கா கூட மதுரைக்குப் போயிட்டு வந்துட்டேன். அங்க லேடி டாக்டர் நிக்க வச்சே ஸ்கேன் பாத்தாக. அடிவயித்து ரத்தக்குழாய் வீங்கிக் கெடக்காம். நின்னா ரத்தம் தேங்கிருதாம், படுத்தா வடிஞ்சிருதாம். தொடையில தெரியுததும் அதுதானாம். வைத்தியம் இருக்காம். வெள்ளிக்கிழமை நீ எங்கூட வா.

அந்த முடி என்னோடது இல்ல. அத்தை முந்தானைக்குள்ள அவிய முடியை அறுத்துக் குடுத்துட்டாக. "இவனைப் பெத்ததுல இருந்து எனக்கும் இதே வலிதான்ட்டி. யார்ட்டயும் சொல்லல. ஆணி அடிச்சா போயிருமோன்னு பாத்தேன், போகலயே"ன்னு அழுதாக. அவியளும் வாராக. முந்தியே போயி பஸ்ஸுல துண்டைப் போட்டு வை அண்ணே. எங்க ரெண்டு பேராலயும் மதுரை வரைக்கும் நிக்க முடியாது.