முன்சக்கரக் கார் குறித்த தீர்மானம்

1968-ஆம் ஆண்டில் உலகத்தை எத்தனையோ பெரிய கேள்விகள் வாட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் தலையாயது ஓசூரில் எங்கள் வசம் இருந்தது. முன்சக்கரம் இழுத்து ஓடும் ஒரு சின்னக் கார் 'உண்மையான' ஸ்போர்ட்ஸ் கார் ஆகுமா, ஆகாதா? இதைத் தீர்த்துவைக்கவே 'ஓசூர் வட்ட மோட்டார் விளையாட்டுச் சங்கம்' உதயமானது. உறுப்பினர்கள் மூவர், கார் ஒன்று. கார் என்னுடையது என்பதால் செயலாளர் பதவியை ஏகமனதாக எனக்கே கொடுத்தார்கள். அந்த ஏகமனதில் என் மனதும் அடக்கம்.

சீமைக்குத் திரும்பிய பெங்களூர்த் துரை ஒருவரிடம் அதை வாங்கினேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கார் எதற்கு என்று கேட்ட அற்பர்கள் உண்டு. என் மனைவி ஜெபசீலியின் வளையல்கள்தான் அந்த விஷயத்தில் பெருந்தன்மையாக நடந்துகொண்டன.

சங்கத் தலைவர் நாராயணப்பனுக்கு மாந்தோப்பும், எருது விடும் விழாவில் ஓடுகிற இரண்டு காளைகளும் உண்டு. அவர் முன்சக்கரக் கட்சி.

"முன்னாடி இழுக்கறதுதாம்ப்பா நெசம். எருதை வண்டிக்குப் பின்னாடி கட்டித் தள்ளச் சொல்லுவியா நீ?"

மூக்கண்டப்பள்ளியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த அருள்ஜோசப் பின்சக்கரக் கட்சி.

"அண்ணா, லாரி, பஸ்ஸு, பந்தயக் காரு எல்லாத்துலயும் பின்சக்கரந்தான் தள்ளும். முன்சக்கரம் வழி மட்டும் காட்டணும், வேலை செய்யக் கூடாது. ஆபீசுல மேனேஜர் இல்லியா, அது மாதிரி."

ஆபீஸ் உவமை என்பதால் அதை உடனே நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றினேன்.

பதினொரு கூட்டங்களில் முடிவு எட்டப்படவில்லை. பன்னிரண்டாவதில் 'கள ஆய்வு' என்று தீர்மானித்து, இரண்டாம் சனிக்கிழமையைக் குறித்தோம். அன்று பத்து மணிக்கு ஜெபசீலி கிருஷ்ணகிரி மிஷன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நர்ஸ் வேலைக்கு நேர்காணல். கல்யாணத்தோடு விட்ட வேலையைத் திரும்பப் பிடிக்க இரண்டு வருஷமாக மனுப் போட்டு, முதல் முறையாக வந்திருந்த அழைப்பு அது.

"நான் பஸ்ஸுல போயிடறேங்க" என்றாள்.

"சொந்தக் கார் இருக்கும்போது பஸ்ஸா?" என்று கர்ஜித்தேன்.

"சரி. அண்ணனுங்க ரெண்டு பேரும் எதுக்கு வர்றாங்க?"

"கோரம் வேணுமில்ல? மூணு பேரும் இல்லாட்டி கூட்டம் செல்லாது."

சூளகிரி தாண்டும்வரை கார் சிட்டாகப் பறந்தது. அருள்ஜோசப் கொட்டாவி விட்டார். "தார் ரோட்டுல என் பட்டறைத் தள்ளுவண்டிகூட ஓடும்."

சங்கத்தின் மானம் போன மாதிரி இருந்தது. இடப்பக்கம் ஏரிக்கு இறங்குகிற செம்மண் பாதை ஒன்று தெரிந்தது. முந்தின நாள் நல்ல மழை.

"ஏங்க, மணி ஒம்பதாகப் போவுது" என்றாள் ஜெபசீலி.

"அஞ்சே நிமிஷம் ஜெபா."

இறக்கத்தில் கார் அபாரமாக இறங்கியது. 'சிங்கப் பாய்ச்சல்' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். திரும்பி மேடு ஏறியபோதுதான் முன்சக்கரங்கள் சேற்றில் விர்ரென்று சுற்றின. கார் அங்கேயே நின்றது.

"லாரி சிக்கினா பின்னாடி பாரம் ஏத்துவாங்க" என்று அருள்ஜோசப் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கினார். அவரும் நாராயணப்பனும் பின்சீட்டில் அழுந்தி உட்கார்ந்தார்கள். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகமாகச் சேற்றை வாரியடித்தது. பாரம் போதவில்லை என்று தலைவர் தீர்ப்பளித்ததால் பின்பெட்டியில் நாலு பாறாங்கல்லும் ஏற்றினோம். இப்போது கார் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டது.

ஜெபசீலியின் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷங்க" என்றாள். "ரெண்டு வருஷம் கழிச்சு ஒரே ஒரு லெட்டர் வந்துச்சு."

எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போயிற்று. ஆனால் தலைவர் பேசிக்கொண்டிருந்ததால் குறுக்கிடவில்லை.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "இழுக்கற சக்கரம் முன்னாடி. பாரத்தையெல்லாம் பின்னாடி போட்டா அது எப்படி மண்ணைப் புடிக்கும்? எல்லாரும் எறங்குங்க. கல்லையும் எறக்குங்க. மேட்டுல பாரம் கீழ்ப்பக்கந்தான் சாயும், முன்சக்கரம் கீழ இருக்கட்டும்."

இறங்கினோம். நர்ஸ் படிப்பின்போது கிராம முகாம்களுக்கு ஆஸ்பத்திரி ஜீப்பை ஓட்டிய கை அவளுடையது. காரை ஏரிப் பக்கம் திருப்பி நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, பின்பக்கமாகவே மேடேற ஆரம்பித்தாள்.

"அய்யய்யோ, ரிவர்சுலயா? இது ரூலுக்கு விரோதம்!" என்று கத்தினார் அருள்ஜோசப்.

காரின் முகம் எங்களைப் பார்த்தபடியே மேலே போயிற்று. தார் ரோட்டை அடைந்ததும் கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பி மறைந்தது. ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

கோரம் இருந்ததால் ஏரிக்கரையிலேயே பதின்மூன்றாவது கூட்டம் தொடங்கியது.

"பாத்தீங்களாண்ணா, தள்ளித்தான் ஏறிச்சு! நான் சொன்னதுதான்!" என்றார் அருள்ஜோசப்.

"தள்ளினது எந்தச் சக்கரம்ப்பா? முன்சக்கரமில்ல? அப்போ நான் சொன்னதுதான்!" என்றார் நாராயணப்பன்.

இரு கட்சியும் ஒரே நேரத்தில் வென்ற விவாதம் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். வெயில் ஏறியது, பசித்தது. மூவரும் மேட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் நான் தீர்மானத்தை எழுதினேன்.

மூன்று மணிக்கு மேட்டின் உச்சியில் கார் வந்து நின்றது. ஜெபசீலி கீழே இறங்கி வரவில்லை. நாங்கள்தான் சேற்றில் ஏறிப் போனோம்.

"வேலை கெடச்சிருச்சுங்க. திங்கக்கெழமை சேரணும்" என்றாள். "உங்களுக்கு முடிவாச்சா?"

"ஆச்சு" என்று வாசித்தேன். "'முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார் உண்மையான ஸ்போர்ட்ஸ் காரே என்று இச்சங்கம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. அது எந்த மேட்டையும் ஏறும். நேரத்துக்குப் போய்ச் சேரும். ஒரே நிபந்தனை: அதிலுள்ள வீண் பாரத்தை முதலில் இறக்கிவிட வேண்டும்.'"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "வீண் பாரம்னா எதுன்னு எழுதலியே?"

"கீழ பாரு" என்றேன். "மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."