இரண்டிலிருந்து நாலு வரை சௌந்திரம் வெளியே போயிருக்கிறாள்

மல்லசமுத்திரம்,
புதன்கிழமை, காலை பதினோரு மணி.

குமாரபாளையத்தில் பன்னிரண்டு விசைத்தறிகளுக்கு உரிமையாளரும் என் மனைவிக்கு மூத்த அண்ணனுமாகிய மதிப்பிற்குரிய மச்சான் மாதேஸ்வரன் அவர்களுக்கு,

தங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஒன்பதாயிரம் கோழிகளும் நலம். உங்கள் தங்கை சௌந்திரம் மிக மிக நலம். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. திங்கட்கிழமை உங்களுக்கு நேர்ந்த சங்கடத்துக்குப் பிறகு, அங்கே எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். சௌக்கியம்தானே?

நேற்று போனில் பேசிப் பார்த்தேன். தறி ஓடுகிற சத்தத்தில் நான் கால்வாசி சொல்வதற்குள் நீங்கள் முழு முடிவுக்கு வந்துவிட்டீர்கள். "மாப்பிள்ளை, அம்மிணிக்கு என்னமோ புடிச்சிருக்குது. வெள்ளிக்கிழமை பூசாரியக் கூட்டிக்கிட்டு வாரேன். வேப்பிலை அடிச்சு எங்கூட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிடறேன். நீங்க கோழிய மட்டும் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நாளைக் காலை உங்கள் ஊருக்கு வரும் முட்டை வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து தறிகளை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து, கடைசி வரை படியுங்கள்.

எல்லாம் சித்திரை மாதம் தொடங்கியது. எங்கள் மகள் தனப்பிரியா பெங்களூரிலிருந்து அம்மாவுக்கு ஒரு யூடியூப் வீடியோ அனுப்பினாள். அதில் தாடி வைத்த ஒரு தம்பி கண்ணை மூடிக்கொண்டே பேசுகிறார். தூங்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துகொள்வது ஒரு வித்தையாம். தெரிந்துவிட்டால் அந்தக் கனவுக்கு நாம்தான் முதலாளி, பறக்கலாம், கடலில் நடக்கலாம். அதில் கை தேர்ந்தவர்கள் அடுத்த வகுப்புக்குப் போகலாம். அது உடம்பைக் கட்டிலில் கிடத்திவிட்டு உயிர் மட்டும் வெளியே உலாவப் போகிற வகுப்பு. நான் முதலில் சிரித்தேன். கொல்லிமலைச் சித்தர்களே அரும்பாடுபட்ட காரியம், நீ அடுப்பைத் துடைத்துக்கொண்டே கற்றுக்கொள்ளப் போகிறாயா என்றேன். சௌந்திரம் அந்த வீடியோவை நாலு முறை பார்த்தாள். தீவனக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுந்ததும் கனவுகளை எழுத ஆரம்பித்தாள். மச்சான், எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண் அவள். அந்த நோட்டில் அவள் கையெழுத்தைப் பார்த்தபோது, இவளை மேலே படிக்க வைத்திருந்தால் மாவட்ட ஆட்சியராகியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. நிறுத்தியது நீங்களும் உங்கள் அப்பாவும்தான் என்பதை இந்த இடத்தில் நான் சொல்லிக்காட்டவில்லை.

நானும் பயிற்சியில் சேர்ந்தேன். முதல் பாடம் இது: பகலில் பத்துப் பதினைந்து முறை, நாம் இருப்பது கனவிலா நனவிலா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தம்பி விரல்களை எண்ணச் சொல்கிறார். ஒருமுறை எண்ணி, வேறு பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி எண்ண வேண்டும். கனவாக இருந்தால் எண்ணிக்கை மாறிவிடும். நமக்கு விரலை விட முட்டை அட்டைதான் பழக்கம். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை என்பதில் எமனே வந்தாலும் மாற்றமில்லை. ஆகவே நான் நாள் முழுக்க அட்டையை எண்ணினேன், வானத்தைப் பார்த்தேன், திரும்ப எண்ணினேன். முப்பது, முப்பது. இப்படி மூன்று வாரம் உலகம் உறுதியாக நின்றது. பிறகு ஒரு வியாழக்கிழமை, முட்டை வியாபாரி ரங்கன் வண்டியோடு வந்து நிற்கும்போது எண்ணினேன். முப்பது. வானத்தைப் பார்த்தேன். குனிந்து எண்ணினேன். இருபத்தொன்பது. மச்சான், அந்த ஆனந்தத்தை என்னவென்று எழுதுவேன். முதல் கனவு கைக்கு வந்துவிட்டது என்று உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரங்கன் வழக்கம்போல ஒரு முட்டையை எடுத்து வெயிலில் காட்டி, "சின்னதாவே இருக்குதுங்களே" என்றார். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு வாரமும் இதையே சொல்கிறவர். கனவில்தானே என்ற தைரியத்தில், "ஏனுங்க ரங்கன், பெரிசா வேணும்னா நீங்களே உக்காந்து ஒண்ணு போட்டுக் காட்டுங்க. அப்பறம் அந்த மீசை, ஒரு வாரம் கறுப்பா வருது, ஒரு வாரம் செவப்பா வருது, ஏதாச்சும் ஒண்ணுக்கு வாங்க" என்றேன். சொல்லிவிட்டு, பறக்கும் பாடத்தையும் இதிலேயே முடித்துவிடலாம் என்று, கொட்டகையின் மேடைப் படியிலிருந்து இரண்டு கையையும் விரித்துக் குதித்தேன். கீழே மூன்று மாதத்துக் கோழி எரு. மழை பெய்து ஊறியது. நடந்தது வேறொன்றுமில்லை. நான் வானத்தைப் பார்த்த நேரத்தில் எங்கள் ஆள் சென்றாயன் விரிசல் விட்ட முட்டை ஒன்றை அட்டையிலிருந்து எடுத்திருக்கிறார். அதுதான் அவர் வேலை. ரங்கனும் அவருமாக என்னைத் தூக்கி, குழாயடியில் உட்கார வைத்தார்கள். ஆனால் ஒன்று, அன்றிலிருந்து ரங்கன் ஒரு முட்டையைக்கூடச் சின்னது என்று சொல்லவில்லை. மீசையும் எடுத்துவிட்டார்.

எனக்கு அந்த வித்தை வரவில்லை. உங்கள் தங்கைக்கு வந்தது. வைகாசி பிறந்து பத்தாம் நாள், மத்தியானச் சோறு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, எனக்கு உசுரு கௌம்பற மாதிரி இருக்குதுங்க. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் போயிட்டு வாரேன். உடம்பு உள்ளதான் இருக்கும். யாரும் தொடப்படாது, பேரு சொல்லிக் கூப்பிடப்படாது. உசுருக்கும் உடம்புக்கும் நடுவால வெள்ளிக் கயிறு ஒண்ணு இருக்குதாம். சத்தம் போட்டா அறுந்துபோகுமாம்" என்றாள். இன்னொரு கட்டிலை அறை வாசலில் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். நாலு மணிக்குக் கதவைத் திறந்து வந்தாள். அந்த முகத்தில் இருந்த தெளிவை நான் எந்தச் சாமியாரிடமும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. போகப் போக விதிமுறைகளும் தெரிந்துவந்தன. அடுப்படியில் பாத்திரம் கழுவாமல் கிடந்தால் உயிர் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கிறதாம், மேலே எழும்புவதில்லையாம். ஆகவே நான் கழுவிவிடுகிறேன். இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரிக்காமல் இருந்தாலும் அதே தொந்தரவு. உரித்துவிடுகிறேன். அத்தனை தூரம் போய்த் திரும்பும் உயிருக்குத் தாகமாக இருக்கும், வேறொருவர் கையால் போட்ட காப்பி சரியாக நாலு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். முதல் வாரம் என் காப்பியைக் குடித்துவிட்டு, உயிர் திரும்பி வந்ததே தப்பு என்பது போலப் பார்த்தாள். இப்போது நன்றாகவே போடுகிறேன்.

உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். எனக்கும் இருந்தது. ஆனால் அவள் பார்த்துவிட்டு வந்து சொன்னவை ஒன்றும் பொய்யாகவில்லை. மூன்றாம் கொட்டகையில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றாள். போய்ப் பார்த்தேன், ஒழுகியது. சென்றாயன் மூன்று மணிக்குப் புளியமரத்தடியில் செல்போன் பார்க்கிறார் என்றாள். பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, தீவன அறையில் கடைசி மூட்டைக்குப் பின்னால், டாக்டர் வேண்டாம் என்று சொன்ன மிக்சர் பொட்டலத்தை நான் வைத்திருக்கும் இடத்தை, சுவரை ஊடுருவிப் பார்த்துச் சொன்னாள். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத இடம் அது. அதன் பிறகு நான் மிக்சரைத் தொடவில்லை. சென்றாயனும் இரண்டிலிருந்து நாலு வரை ஓடி ஓடி வேலை பார்க்கிறார். "அம்மா மேல இருந்து பாத்துட்டு இருப்பாங்க" என்று அவ்வப்போது கூரையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் மச்சான், இதை உங்களிடம் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. காவலுக்கு உட்கார்ந்திருக்கும்போது ஜன்னல் வழியாக அவள் முகம் தெரியும். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். நான் படுத்த பிறகுதான் படுப்பாள், நான் எழுவதற்கு முன்பே எழுந்துவிடுவாள். தூங்கும்போது அவள் வாய் லேசாகத் திறந்திருக்கும் என்பதும், இடது புருவத்தில் ஒரு நரை இருக்கிறது என்பதும் எனக்கு இந்த வைகாசியில்தான் தெரியும். வெளியே போயிருப்பவளின் உடம்புதானே என்று தைரியமாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அழகாக இருக்கிறாள்.

இனி திங்கட்கிழமைக்கு வருகிறேன். ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த என் சித்தப்பா மகள் அமுதவல்லி, தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். மணி இரண்டே கால். பத்திரிகையைக் குங்குமத் தட்டோடு வீட்டுப் பெண் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றாள். "அண்ணி எங்கீங்ணா?" என்றாள். வெளியே போயிருக்கிறாள் என்று மெதுவாகச் சொன்னேன். "செருப்பு இங்கயே கெடக்குதுங்களே" என்றாள். நான் ஒளிவு மறைவில்லாமல், "உடம்பு உள்ளதான் இருக்குது அமுதா. உசுரு மட்டும் போயிருச்சு" என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் என் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அமுதவல்லி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். சௌந்திரம் நீட்டிப் படுத்து, நெஞ்சில் கை கோத்து, கோழிச் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் பஞ்சு வைத்து, ஈக்காகத் தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்திக் கிடந்தாள். அமுதவல்லி வாயைத் திறந்தாள். "சத்தம் போடாத, கயிறு அறுந்துரும்" என்று நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் ரோட்டுக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் போன் செய்துவிட்டாள்.

அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்றே முக்காலுக்கு இரண்டு வேனில் வந்து இறங்கினீர்கள். மாலை ஒரு கையில், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை ஒரு கையில், உங்கள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் வாசலை மறித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்கங்க மச்சான், நாலு மணிக்கு எந்திரிச்சு வந்துருவா" என்றேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நாலு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உங்கள் மடியில் என் தலையைச் சாய்த்துத் தட்டிக்கொடுத்தீர்கள். அந்த அன்பை நான் மறக்க மாட்டேன். நாலு மணிக்குக் கதவு திறந்தது. "காப்பி ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே சௌந்திரம் கொட்டாவியோடு வந்தாள். மாலை வைத்திருந்தவர்கள் போன வேகத்தில் ஒரு வேன் இன்னும் எங்கள் வாசலிலேயே நிற்கிறது. அவள் உங்கள் கையிலிருந்த கோடிச் சேலையைப் பிரித்துப் பார்த்து, "கரை நல்லா இருக்குதுங்ணா. நம்ம தறியில ஓட்டுனதுங்களா?" என்று கேட்டாள். அந்த நொடியிலிருந்து அவளோடு நீங்கள் பேசவில்லை.

மச்சான், உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. தங்கைக்குக் கோடி எடுத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வந்த அண்ணனின் வயிறு எப்படி எரிந்திருக்கும். ஆனாலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், பூசாரி வேண்டாம். அவளைப் பேய் பிடிக்கவில்லை. பெரிய பெரிய ஞானிகள் காட்டில் பட்டினி கிடந்து அடைந்ததை, உங்கள் தங்கை மூன்று வேளை சமைத்து, ஒன்பதாயிரம் கோழிக்கு நடுவில் இருந்துகொண்டு அடைந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளை வேப்பிலையால் அடிக்கலாமா? குமாரபாளையத்துக்கு அழைத்துப் போனால் தறிச் சத்தத்தில் கயிறு முதல் நாளே அறுந்துவிடும். அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு மணி நேரம் அவள் வெளியே போனாலே நான் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாதக்கணக்கில் உடம்போடு போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

உங்கள் தறிகளில் இழை அறாமல் ஓட, உங்கள் வீட்டு அக்காவின் மூட்டு வலி குறைய, குழந்தைகள் எல்லாரும் நன்றாகப் படிக்க அர்த்தநாரீஸ்வரர் துணை இருக்கட்டும். வேனை எடுக்க யாரையாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் காவலுக்கு இருக்கும்
தங்கசாமி

பின்குறிப்பு:

அண்ணனுக்கு, சௌந்திரம் எழுதுறனுங்க. உறைய ஒட்டி வையின்னு இதை என் கையில குடுத்துட்டு, அவரு தீவனம் அரைக்கப் போயிருக்காரு. அவரு எழுதுனதுல கோழி எண்ணிக்கை சரிங்க. மத்தபடி நான் ஒருநாளும் உடம்ப விட்டுப் போனதில்ல. கதவச் சாத்திக்கிட்டுத் தூங்கறேன். முப்பத்தொரு வருசமா மத்தியானம் கண்ண மூடுனா, "தூங்கிட்டயா?"ன்னு கேக்கறதுக்கே யாராச்சும் வந்து எழுப்புவாங்க. தூங்கறேன்னு சொன்னா எழுப்பறாங்க, உசுரு போயிருக்குதுன்னு சொன்னா ஒருத்தரும் தொடறதில்ல. குழாய் ஒழுகறது காலையிலயே தெரியும். மிக்சர் வெக்கற எடம் கல்யாணமான வருசத்துல இருந்தே தெரியும்.

ஆனா ஒரே ஒருநாள் மட்டும் நெசமாவே அந்தக் கனவு வித்தை வந்துச்சுங்ணா. தூக்கத்துல முட்டை அட்டைய எண்ணுனேன், முப்பத்திரண்டு. மறுக்கா எண்ணுனேன், பதினேழு. இது கனவுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தத் தாடித் தம்பி சொன்னாப்புலயே எங்க வேணும்னாலும் போலாம், பறக்கலாம், ஏன்னு கேக்க ஆளில்ல. வானம் அத்தன பெருசா இருந்துச்சு. நான் சுத்தியும் பாத்தேன். பக்கத்துல ஒரு கட்டில் கெடந்துச்சு. அதுல படுத்துத் தூங்கிட்டேன்.

இதை அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாவம், காவலுக்கு உக்காந்துக்கிட்டு ஜன்னல் வழியா பாக்கறாரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கண்டிப்பா வாங்க, அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க, அந்தக் கோடிச் சேலையத்தான் கட்டியிருப்பேன். பூசாரி வேண்டாம். நாலு மணிக்கு மேல வாங்க.