மகிழ்ச்சிச் சேத மதிப்பீடு

விவசாயிகளின் கஷ்டத்துக்குக் காரணம் மழையோ விலையோ அல்ல, அவர்கள் காசை எதிர்பார்ப்பதுதான் என்ற உண்மை அரசாங்கத்துக்குத் தெரியவர வெகுகாலம் பிடித்தது. தெரியவந்ததும் காலதாமதமின்றி ஒரு திட்டம் தீட்டப்பட்டது. உளமகிழ் உழவர் திட்டம் என்று அதற்குப் பெயர்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் ஹரி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, நாகலாபுரம் பக்கம் சிந்தலைப்பட்டியில் எட்டு ஏக்கர் கரிசலை வாங்கி உளுந்து விதைத்தான். விதைத்தது கூலியாட்கள். அவன் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்தான். தலையில் துண்டு, கையில் ஒரு பிடி மண். "பணத்துக்குப் பின்னால ஓடாதீங்க நண்பர்களே, மனசுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க" என்பான். பெங்களூரில் அவனுக்கு இரண்டு வீடுகள் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றி அவன் வீடியோ போடவில்லை.

உழவர் உளநலப் பிரிவு அலுவலர் சுந்தரபாண்டியன் அந்த வீடியோவைப் பார்த்துக் கண்கலங்கி மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடமும் கலங்கியது. ஐப்பசியில் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வந்தவர்களுக்குப் பச்சைத் தொப்பியும் கோழிப் பிரியாணியும். எல்லாரையும்விட உரக்க உறுதிமொழி எடுப்பவருக்கு மருந்தடிக்கும் மிஷின் இலவசம்.

வெயிலுகந்தம்மாளுக்கு மிஷின் தேவைப்பட்டது. புருஷன் இல்லை. மூன்று ஏக்கர் மானாவாரி. மகள் மாரிசெல்வி கோவில்பட்டியில் நர்சிங் படிக்கிறாள்.

"நான் லாபத்துக்காக அல்ல, மகிழ்ச்சிக்காகவே பயிர் செய்கிறேன்!" என்று கூடம் அதிரக் கத்தினாள். மிஷின் கிடைத்தது. தொப்பியோடு அவள் பல் தெரியச் சிரித்த படம் பிளக்ஸாகி எட்டயபுரம் ரோட்டில் நின்றது.

சொல்லப்போனால் அவள் கத்தியதில் பொய் அதிகமில்லை. உளுந்து முளைத்துக் கோடு கோடாகப் பச்சை பிடிக்கிற சமயத்தில், வேலை இல்லாவிட்டாலும் காலையில் புஞ்சைக்குப் போய்ச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கிறுக்கச்சி என்பார்கள்.

தையில் காய் முற்றி நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வேண்டிய காலத்தில் பெய்யாததையும் சேர்த்துப் பெய்தது. உளுந்து செடியிலேயே, காய்க்குள்ளேயே முளைவிட்டது. நிவாரணம் உண்டு என்று அறிவித்தார்கள். வெயிலுகந்தம்மாள் அலுவலர் முன்னால் போய் நின்றாள்.

"சார், உளுந்து பூராம் போச்சு. எம்பேரையும் சேத்துக்கிடுங்க."

"எதுக்கும்மா?"

"நட்டத்துக்குத்தான் சார்."

"லாபத்துக்குப் பயிர் செஞ்சவங்களுக்குத்தான் நட்டம் வரும். நீங்க மகிழ்ச்சிக்குல்லா பயிர் செய்யுதீங்க? ஊரறியச் சொன்னீங்களே!"

"அது மிஷினுக்காகச் சொன்னது சார்."

"அப்படியா? அப்ப அரசாங்கத்துக்கிட்ட பொய் உறுதிமொழி எடுத்திருக்கீங்க."

சுந்தரபாண்டியன் இரக்கமற்றவர் அல்லர். விதிகளுக்கு உட்பட்டு இரங்கினார்.

"சரி, உங்க மகிழ்ச்சிக்கு ஏதும் சேதம் உண்டா?"

"முழுச் சேதம் சார். உறக்கமே இல்ல. பிள்ளைக்கு பீஸ் கட்ட என்ன செய்வேன்னு..."

"பீஸ் பணம் சம்பந்தப்பட்டது, அதைப் பேசாதீங்க. மகிழ்ச்சி மூணுல ஒரு பங்குக்கு மேல அழிஞ்சிருந்தா நிவாரணம் உண்டு. நேர்ல வந்து மதிப்பீடு பண்ணுதோம்."

சொன்னபடி ஓர் உதவியாளரோடும் போட்டோகிராபரோடும் வந்தார். ஊரே புஞ்சைக் கரையில் கூடியிருந்தது. வெயிலுகந்தம்மாளின் முகத்துக்குப் பக்கத்தில் பிளக்ஸ் படத்தைப் பிடித்து ஒப்பிட்டார்கள்.

"உதடு நேர்கோடு. பல் தென்படவில்லை" என்றார் சுந்தரபாண்டியன். உதவியாளர் குறித்துக்கொண்டார். காரியம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முளைவிட்ட செடிகளுக்கு நடுவே நின்று ஒரு படம் இருந்தால் அறிக்கை எடுப்பாக இருக்கும் என்று அலுவலருக்குத் தோன்றியது. ஷூக்காலோடு இறங்கினார்.

"சார், ஷூவக் கழத்திருங்க. ஈரக் கரிசலு, விடாது" என்றான் பக்கத்துப் புஞ்சை மாயகிருஷ்ணன்.

"பாத்துக்கிடுதேன்யா."

இடது கால் வந்தது, ஷூ வரவில்லை. ஒற்றைக் காலில் ஆடியவர் உதவியாளரைப் பிடித்தார். இருவரும் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரும் தோரணையில், மெல்ல, கௌரவமாகச் சேற்றில் அமர்ந்தார்கள். முதலில் மாயகிருஷ்ணன் சிரித்தான், பிறகு ஊர் சிரித்தது. வெயிலுகந்தம்மாள் முந்தானையைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

போட்டோகிராபர் கடமை தவறாதவர். எடுத்துவிட்டார். அந்தப் படத்தோடு அறிக்கை மேலிடத்துக்குப் போனது:

'பயனாளி சேதமடைந்த பயிரின் முன் நின்று கண்ணீர் மல்கச் சிரித்தார். மகிழ்ச்சி முன்பைவிடக் கூடியுள்ளது. ஊர் மக்களும் அவ்வண்ணமே. நிவாரணம் தேவையில்லை.'

ஹரிக்கு மட்டும் முழு நிவாரணம் கிடைத்தது. மழையின்போது பெங்களூரில் இருந்த அவன், அங்கிருந்தே வீடியோவில் தேம்பித் தேம்பி அழுதிருந்தான். "பணம் எனக்கு முக்கியமில்லை. அரசாங்கத்தோட அன்பை மறுக்க முடியல" என்று சொல்லி வாங்கிக்கொண்டான். அந்த வீடியோவை ஊரே பார்த்து, பாவம் பய என்று உச்சுக்கொட்டி லைக் போட்டது. வெயிலுகந்தம்மாள் கம்மலை அடகு வைத்து பீஸ் கட்டினாள்.

அடுத்த வருஷம் மழை கணக்காகப் பெய்தது. உளுந்து நல்ல விளைச்சல். ஆனால் புஞ்சைக்குள் யாரும் பல்லைக் காட்டக்கூடாது என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டிருந்தது. ஒருநாள் காலையில் பச்சையைப் பார்த்ததும் வெயிலுகந்தம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது. ரோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு வேலையில்லாமல் புஞ்சைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

களத்தில் உளுந்து குவிந்த அன்று கோவில்பட்டி வியாபாரி முத்துகிருஷ்ணன் வந்தார். மறு ஆய்வுக்காகச் சுந்தரபாண்டியனும் வந்து நின்றார்.

"என்ன, எழவு வீடு மாதிரி நிக்குதீய? விளைச்சல் சரியில்லயோ?" என்றார் வியாபாரி.

மாயகிருஷ்ணன் அலுவலரை ஒருதரம் பார்த்தான். "ஏதோ இருக்கு அண்ணாச்சி."

"ஒனக்கு எப்படிம்மா?"

"மனசே சரியில்ல அண்ணாச்சி" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

"அப்ப விலையும் சரியா வராதே" என்று சொல்லி, பாதி விலையைச் சொன்னார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. விளைச்சல் நல்லது என்றால் மகிழ்ச்சி என்று ஆகிவிடும். விலை பேசினால் பொய் உறுதிமொழி என்று ஆகிவிடும். 'காசாசை அறவே நீங்கியுள்ளது' என்று சுந்தரபாண்டியன் பூரிப்போடு குறித்துக்கொண்டார்.

மூட்டைகள் லாரியில் ஏறும்போது சிரித்தவர் முத்துகிருஷ்ணன் ஒருவர்தான். காசுக்காகத்தான் தொழில் செய்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறவர் அவர். அதனால் அவர் சிரிப்பை யாரும் அளக்கவில்லை.